சித்தி எழுந்து நின்ற வருடம்

சித்திக்கு விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதிலும் கனடாக்காரர் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த முட்டைப் பந்தைப் பார்க்க அவருக்கு ஏன் ஆசை வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவருக்குப் பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை. கூட வேலை செய்த பெண் கொடுத்த இரண்டு டிக்கெட்டோடு, ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்குள் இருந்த பல்கலைக்கழக மைதானத்துக்குப் போனார். எனக்கு அப்போது எட்டு வயது.

பழைய அரங்கை இடித்துச் சிறிதாகக் கட்டியிருந்தார்கள். பழைய வாசலின் தூண் ஒன்று மட்டும் மிச்சம். தங்கள் அணி வெல்லட்டும் என்று அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவது அங்கே வழக்கம். சித்தி தட்டவில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு மானம் போனது.

அன்று பழைய மாணவர்கள் திரும்பி வருகிற நாள். இடைவேளையில் ஒலிபெருக்கியில் வருடங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். அந்தந்த வருடம் படிக்கச் சேர்ந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும்; மேளம் முழங்கும், சனம் கைதட்டும். நரைத்த தலைகள் முதலில் எழுந்தன. பிறகு ஒரு வருடத்துக்குச் சித்தி எழுந்தார்.

"சித்தி, சிற் டவுன். உது உங்கட ஸ்கூல் இல்லை."

"தெரியும். கொஞ்சம் நிக்கிறன்."

பக்கத்தில் எழுந்து நின்ற வெள்ளைக்காரப் பெண் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். "மெடிசின்" என்றார் சித்தி, கொஞ்சமும் கூசாமல். அந்தப் பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொலிஸ் சித்தியைப் பிடித்துக்கொண்டு போனால் நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்று, வந்த வழியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் கோள் மூட்டினேன். எந்த வருடத்துக்கு எழும்பினவ என்று அம்மா கேட்டார். சொன்னேன். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வருசம்தான் அவளுக்கு யாழ்ப்பாணக் கம்பஸில படிக்க இடம் கிடைச்சது. மெடிசின். சேருறதுக்கு முன்னமே, சண்டையால ஊரைவிட்டு வெளிக்கிட்டிட்டம்."

இரவுச் சாப்பாட்டில் அம்மா நல்ல நடுத்துண்டு மீனாகப் பார்த்துச் சித்தியின் தட்டில் வைத்தார். உண்மை சொன்ன எனக்கு வால். இந்த வீட்டில் நியாயமே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சித்தி பேசாமல் தன் துண்டை என் தட்டுக்கு மாற்றினார். செய்த பிழையை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, நான் திருப்தியாகச் சாப்பிட்டேன்.