ஆயுத பூஜையன்று கழற்றிய பூட்ஸ்

கால் போனவர்களுக்கு மரக்கால் பூட்டும் ஆஸ்பத்திரிப் பட்டறையில் அப்போது நான் பாதம் செதுக்கிக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து வந்த சிப்பாய்களுக்குச் செய்து பழகிய கை. சிப்பாய் என்றால் பூட்ஸ், பூட்ஸ் என்றால் குதிகால் உயரம். அந்த உயரத்துக்குத் தக்கபடி பாதத்தைச் சாய்த்துச் செதுக்கினால்தான் ஆள் நேராக நிற்பான். இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு திமிர்.

வியாசர்பாடியிலிருந்து வந்தவன் சிப்பாய் இல்லை, துறைமுகக் கூலி. சரக்கு வேகன் காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. கம்பு இல்லாமல் நடந்து காட்டினால் கேட் வாட்ச்மேன் வேலை தருவதாக அவனுடைய ஃபோர்மேன் சொல்லியிருந்தார். அதுவும் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. பழைய பட்டாள பூட்ஸ் ஒரு ஜோடி பிடித்து, அதற்கேற்ற பாதம் செய்து பூட்டி, ஆறு வாரம் நடக்கப் பழக்கினேன். கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை மாதிரி நடந்தான்.

ஆயுத பூஜையன்று போனால் ஃபோர்மேன் குஷியாக இருப்பார் என்று அவன்தான் நாள் பார்த்தான். என் கைவேலையை நாலு பேர் மெச்சுவதைக் கேட்க நானும் ஒட்டிக்கொண்டேன். அவன் வேலை பார்த்த ராயபுரம் யார்டு ஷெட்டில் மெஷினுக்கெல்லாம் மாலை, பொட்டு. நடுவில் சாமி படம். வாசலில் செருப்புக் குவியல். இவன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

“டேய், கழட்டாதே! விழுந்துடுவே!”

“இன்னா நைனா, சாமி கீற எடத்துல பூட்ஸா? ஒரு கால் போனது பத்தாதா?”

உள்ளே போனான். குதிகால் உயரம் இல்லாததால் உடம்பு பின்னால் சாய்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, கூரையைப் பார்த்தபடி ஜமீன்தார் மாதிரி நாலடி வைத்தான். ஐந்தாவது அடியில், பின்னாலிருந்த பொரிக்கூடைக்குள் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

ஷெட்டே சிரித்தது. ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. “இது வேலைக்கு ஆவாதுப்பா” என்றார். பொரிக்கு நடுவில் அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, என் மேலேயே.

“தப்பு அவன்மேல இல்லீங்க. பூட்ஸுக்கு அளவெடுத்த முட்டாள் நான்! இந்த ஊர்ல எவன் பூட்ஸோட சாமி கும்பிடுவான்னு யோசிச்சேனா?” என்று கத்தினேன். மணி அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

ஃபோர்மேன் மண்டையைச் சொறிந்தார். “கேட்டாண்ட சாமி படம் எதுனா கீதா?” என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். இல்லை என்றார்கள்.

“அப்போ பூட்ஸ மாட்டிகினு கேட் வரிக்கும் நட, பாக்கலாம்.”

பொரியைத் தட்டிவிட்டு எழுந்தான். பூட்ஸை மாட்டினான். ஒரு தடங்கல் இல்லாமல் கேட் வரை நடந்து, திரும்பி நின்றான். “இன்னிலேர்ந்தே நில்லுப்பா!” என்று கத்திவிட்டு ஃபோர்மேன் உள்ளே போனார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வாயெல்லாம் பல்லாக அவனைத் தாண்டி வெளியே போகப் பார்த்தேன். கையை நீட்டி மறித்தான்.

“பாஸ் எங்க?”

“டேய், உன் காலைச் செஞ்சவன்டா நான்!”

“அத்த யாரு இல்லேன்னா நைனா? பாஸ் இல்லாம உள்ள எப்டி வந்த?”

பூஜை முடிந்து ஃபோர்மேன் வந்து சொல்லும்வரை விடவில்லை, பாவி. அரைமணி நேரத்தில், இரண்டு காலும் சொந்தமாக உள்ள எனக்குத்தான் கால் கடுத்தது. அவன் அசையாமல் நின்றான்.