முத்தி செய்த பக்கம்

ஒரு பக்கத்தைச் சரிபார்க்க என்னிடம் பதினான்கு கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. பொன் மினுங்குகிறதா, வெறும் மஞ்சளாகத் தெரிகிறதா? நீலம் ஊதாப் பக்கம் சாய்கிறதா? பின்பக்கத்து எழுத்து தோலின் வழியே எவ்வளவு தெரிகிறது? புழு துளைத்த இடம், மெழுகு சொட்டிய இடம், விரல் பட்டுக் கறுத்த ஓரம் எல்லாம் அப்படியே உள்ளனவா? பதினான்காவது கேள்வி எனக்கானது: எதையாவது அழகாக்கினேனா?

லண்டனில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோ, இடைக்காலத்தில் கையால் எழுதிப் பொன்னும் வண்ணமும் தீட்டிய நூல்களைப் படமெடுத்து, அதே அளவில், அதே கறைகளோடு மறுபடியும் அச்சிடுகிறது. வாங்குபவர்கள் புத்தகப் பித்தர்கள். அவர்களுக்கு அழுக்கும் வேண்டும். படமெடுப்பதும் நிறத்தை அசலோடு ஒப்பிடுவதும் என் வேலை. நூலைத் திறப்பது, புரட்டுவது, அதன் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று நிலை அறிக்கை எழுதுவது என் தோழியின் வேலை. அவள் மதுரைக்காரி, நான் யாழ்ப்பாணத்தவள். அங்கே தமிழ் பேசுபவர்கள் நாங்கள் இருவர்தான்.

"நீ முடியாதுங்கிறதுக்கு 'ஏலாது'ன்னா எனக்கு 'ஏழாவது'ன்னு கேக்குது. எட்டாவது எங்கன்னு தேடுறேன்" என்பாள். என் பட்டியல்களைப் பற்றிய கிண்டலும் அதில் அடக்கம். அவளுடைய சோதனைக் காலம் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. வேலை உறுதியானால்தான் விசா நீளும்.

அந்த வருடம் எங்களிடம் வந்தது ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு ஜெபப் புத்தகம். உள்ளங்கைக்குள் அடங்கும். கன்றுத் தோல் தாள்கள். ஒருவர் தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து இரவல் தந்திருந்தார். அதில் சிலுவைப் பாடு வரைந்த பக்கத்தில் ஆண்டவருடைய பாதங்கள் கலங்கிப்போய் இருந்தன. பக்கத்திலேயே மாதாவின் நீலப் போர்வை. பாதங்களைப் பற்றி நிலை அறிக்கைக்கு நான் கொடுத்த குறிப்பில் "தேய்வு, ஈரத்தால் இருக்கலாம்" என்று எழுதினேன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நான் அப்படி எழுதியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

படமெடுப்பு முடிந்ததும், நூல் உரியவரிடம் திரும்புவதற்கு முன், ஊழியர்கள் ஆளுக்கு ஒரு உறவினரைக் கூட்டிவந்து காட்டலாம் என்றார் எங்கள் பொறுப்பாளர். வருபவர்களுக்கான விதிகளை எழுதும் வேலை இயல்பாகவே என்னிடம் வந்தது. எட்டு விதிகள் எழுதினேன். பை வெளியே. பேனா வெளியே. கோட்டு வெளியே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். கைக்குக் கிரீம் பூசக் கூடாது. பக்கத்தைப் புரட்டக் கூடாது. இருமல் வந்தால் திரும்பிக்கொள்ள வேண்டும். போனில் பிளாஷ் கூடாது. அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். எட்டையும் திருப்பிச் சொன்னா.

அம்மா தெற்கு லண்டன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து, வேலையில் ஒரு ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஞாயிறு பூசைக்கு உடுத்தும் சேலையில் வந்திருந்தா. மாசிக் குளிரில் உதடு வெடிக்காமல் இருக்க வாஸ்லின் பூசியிருந்தா. நான் கைகளைத்தான் பார்த்தேன்.

"வாங்க ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?" என்றாள் தோழி.

"ஓம் பிள்ளை. கையை ரெண்டு தரம் கழுவிட்டன். இவள் ஒப்பரேசனுக்குப் போற மாதிரியெல்லோ சொன்னவள்."

தோழி சிரித்துக்கொண்டே நூலை மெத்தைத் தாங்கியில் வைத்து, சிலுவைப் பக்கத்தைத் திறந்தாள். பொன் மினுங்குவதைக் காட்ட ஒரு கைவிளக்கு வேண்டும் என்று அலமாரிப் பக்கம் திரும்பினாள். அம்மா நெற்றியில் சிலுவை போட்டா. குனிந்தா. ஆண்டவருடைய பாதங்களில் உதட்டை வைத்து எடுத்தா.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் வரிசையில் நின்று சிலுவையை முத்தி செய்வோம்; முத்தமிடுவதற்கு எங்கள் சொல் அது. புனிதர் சிலைக்கு, சுரூபத்துக்கு, முன் போனால் முத்தி செய்வோம். அம்மாவுக்கு அது ஒரு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சுகம் கேட்பது போன்றது. என் எட்டு விதிகளில் அது இல்லை.

அம்மாவின் கீழுதட்டில் எள்ளில் பாதி அளவு நீலம் ஒட்டியிருந்தது. நான் பார்க்கும்போதே அதைக் கைக்குட்டையால் ஒற்றினா.

"என்னம்மா செய்யிறியள்?" மெதுவாகத்தான் கேட்டேன்.

"முத்தி செய்தனான். அதை வேண்டாம் எண்டு நீ சொல்லேல்லையே."

தோழி விளக்கோடு திரும்பி வந்தாள். "என்ன ஆன்ட்டி, பிடிச்சிருக்கா?"

"முத்தி செய்து செய்தே கால் தேஞ்சுபோச்சு, பார் பிள்ளை. எத்தினை பேர் செய்திருப்பினம்."

"முத்தியா? எங்க ஊர்ல அது செத்தாத்தான் கிடைக்கும் ஆன்ட்டி."

"இஞ்சை உயிரோடையே செய்யலாம்" என்றா அம்மா.

இருவரும் சிரித்தார்கள். அந்த ஒரு சொல்லை நான் விளக்கியிருந்தால் போதும். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நூலை அனுப்புவதற்கான கடைசி நிலை அறிக்கைக்காகத் தோழி நுண்ணோக்கியில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. மாதா போர்வையில நீலம் போயிருக்கு. அடியில வெள்ளை தெரியுது. புதுசு இது." நாற்காலியில் சாய்ந்தாள். "புரட்டுறப்ப நான்தான் ஏதோ பண்ணிட்டேன். நீ எடுத்த படத்துல நீலம் இருக்கான்னு பாரு. இருந்துச்சுன்னா நான் காலி."

"பாக்கிறன்" என்றேன்.

படத்தில் நீலம் முழுதாக இருந்தது. திறந்து பார்க்காமலே எனக்கு அது தெரியும். ஒரு நாள் முழுக்க வேறு வேலை செய்தேன். இரண்டாம் நாள் அந்தப் படத்தைத் திறந்து, நீலத்தில் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, அடித்தோலின் வெள்ளையை வைத்தேன். ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை. காரணங்களையும் வரிசையாக வைத்திருந்தேன்: தோழியின் வேலை தப்பும், அம்மா தலை குனிய வேண்டாம், உரியவர் வருந்த மாட்டார், படமும் நூலும் ஒத்துப்போகும். நல்லதொன்றைச் செய்ய இத்தனை காரணம் தேவைப்படாது என்று அப்போது தோன்றவில்லை.

"முந்தியே இல்லை" என்று அவளுக்குக் காட்டினேன்.

அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு அறிக்கையில் "பழைய இழப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மறுநாள் எனக்கென்று தனி டப்பாவில் புளியோதரை கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

சனிக்கிழமை, சோதனை அச்சில் கழித்த தாள் ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுபோனேன். சிலுவைப் பக்கம்தான். சந்தோஷப்படுவா என்று நினைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தா.

"இதிலை மாதாவின்ரை நீலம் குறையுது."

"அது பழசம்மா."

"இல்லை. அண்டைக்கு முழுசா இருந்தது. நான்தானே அவ்வளவு கிட்டப் பாத்தனான்." கொஞ்சம் யோசித்தா. "அண்டைக்கு உதட்டை ஒத்தின என்ரை லேஞ்சியிலை ஒரு நீலம் கிடந்தது. கழுவேக்கை மை எண்டு நினைச்சன்."

நான் தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"ஆருக்குப் பிள்ளை ஏச்சு விழுந்தது?"

"ஒருத்தருக்கும் இல்லை. நான் சரிப்படுத்திப் போட்டன்."

"எப்பிடி?"

சொன்னேன். அம்மா தாளை மடிக்காமல் மேசையில் வைத்தா.

"அப்ப நான் முத்தி செய்யேல்லை எண்டு ஆக்கிப்போட்டாய்."

"உங்களுக்காகத்தானே அம்மா."

"எனக்கு நாளைக்குப் பூசைக்கு முன்னம் பாவசங்கீர்த்தனம் இருக்கு. நான் செய்ததைச் சுவாமியாரிட்டைச் சொல்லுவன். நீ சுவாமியாரிட்டைப் போய்ப் பிரயோசனமில்லை. அந்தப் பிள்ளையிட்டைப் போ."

திங்கட்கிழமை காலை, அச்சுக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கையில், தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முத்தி என்றால் எங்களுக்கு என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முடிந்ததும் அவள் கேட்டாள்:

"அப்போ நான் சிரிச்சேன்ல?"

"ஓம்."

"நீயும் சிரிச்ச."

"ஓம்."

"ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல. பூரா நேரமும் உனக்குத் தெரிஞ்சிருக்கு." எழுந்து கோட்டை எடுத்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "புளியோதரைய வேற சாப்பிட்ட."

இருவருமாகப் பொறுப்பாளரிடம் போனோம். கமெராவிலிருந்து வந்த முதல் படத்தையும் நான் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மாற்றியது நீக்கப்பட்டது. உரியவருக்கு அன்றே உண்மையை எழுதினார்கள். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது மற்றது: நூலைத் திறந்துவைத்துவிட்டு முதுகைத் திருப்பியது தோழியின் தவறு என்று கணக்கானது. அவளுடைய சோதனைக் காலம் மூன்று மாதம் நீண்டது. அந்த மூன்று மாதமும் விசாவைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நிலை அறிக்கையை அவள் திருத்தி எழுதியபோது நான் பக்கத்தில் நின்றேன். இழப்பின் காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன எழுத?"

"முத்தம்" என்றேன்.

ஆங்கிலத்தில் எழுதினாள். பிறகு மேலே போய், பாதங்களுக்கு நேராக நான் எழுதியிருந்த "ஈரம்" என்பதை அடித்துவிட்டு, அங்கும் அதே சொல்லை எழுதினாள்.

மறுபதிப்பு வெளிவந்துவிட்டது. அதில் மாதாவின் போர்வை முழு நீலமாக இருக்கிறது. அசலில் எள்ளில் பாதி வெள்ளை. தோழியின் வேலை உறுதியாகிவிட்டது. விசாவும் வந்துவிட்டது. இப்போதும் பக்கத்து மேசையில்தான் இருக்கிறாள். பழையபடி மதியம் ஒன்றாகவும் சாப்பிடுகிறோம், சில நாட்கள். ஆனால் ஒரு நூலைத் திருப்பி அனுப்பும் நாள் வந்தால், என் திரைக்கு முன் வந்து நின்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றையே கேட்கிறாள்:

"இது வேணாம். கேமராவுல இருந்து வந்தத காட்டு."

நான் முதல் படத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.