பாதி லேஸ் வைத்த முக்காடு

போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் என்னைக் கடந்து போனபோது முக்காட்டிலிருந்து புது நைலான் வாசம் வந்தது. ஓரம் முழுக்கக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய லேஸ். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதில் தப்புத் தேடினேன். கல்யாணத்துக்குப் போய்ப் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டுத் துணியின் விளிம்பைப் பார்ப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொழில் தந்த பழக்கம் அது. மகாராஜா காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இரணியல் பக்கம் ஒரு மிஷன் பங்களா வராந்தாவில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். மடியில் உருட்டுத் தலையணை, அதன்மேல் படம் குத்திய அட்டை, அட்டை நிறையக் குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள். குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல் பின்னிக்கொண்டு பூவாகும், இலையாகும். ஒரு சாண் வளர்வதற்குள் வாரம் ஓடிவிடும். வெள்ளை நூலில் மஞ்சள் ஏறக்கூடாதென்று வேலை நாட்களில் மீன்குழம்புச் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவோம். கடியப்பட்டணத்து நெத்திலியைக் கரண்டியால் சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்தத் துக்கம் தெரியும். என் கை வேறு வேர்க்கிற கை. சோப்புப் போட்டுக் கழுவியே பாதி ஆயுள் போனது.

பின்னியதெல்லாம் கப்பலேறிப் போகும். எங்களில் யாரும் ஒரு விரற்கடை லேஸ்கூட உடுத்தியதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிய தங்கம்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“ஏட்டி, எனக்க முக்காட்டுக்கு நானே பின்னப் போறேன். நாம பின்னுனத ஒரு நாளாவது நாம போடண்டாமா?”

மிஷன் படங்களில் ரோஜாதான் இருக்கும். தங்கம் தன் வீட்டு மாமரத்தில் படர்ந்திருந்த நல்லமிளகுக் கொடியைப் பார்த்துத் தானே படம் வரைந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கொடி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. கல்யாணம் நெருங்கிய ஒரு காலையில் கண் சிவந்து வந்தாள்.

“ஒரு இலையில நூல மாத்திப் போட்டுட்டேன். அதுவரைக்கும் பிரிச்சிட்டேன்.”

“பைத்தியமாட்டி ஒனக்கு? அந்த இலைய ஆரு பாக்கப் போறா?”

“நீ பாப்பல்லா?”

பார்த்திருப்பேன்தான். மீதியை நான் பின்னித் தருகிறேன் என்றேன்.

“ஒனக்க கை வேற, எனக்க கை வேற. இழுப்பு மாறிரும், கேட்டியா?”

அதில் என் வேர்வைக் கையும் அடக்கம். கோபம் வந்தது, உண்மை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாதிதான் முடிந்திருந்தது. தங்கம் அழுது தீர்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து மூளையைக் கசக்கினோம். சர்ச்சில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். இருந்த லேஸை முக்காட்டின் இடது ஓரத்தில் மட்டும் தைத்தோம். பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். ஆண்களுக்கு லேஸும் ஒன்று, கொசுவலையும் ஒன்று.

அவள் உள்ளே நடந்து வந்தபோது லேஸ்காரிகள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டினோம். வெள்ளை நூலில் எங்கள் ஊர்க் கொடி! என் பக்கத்தில் இருந்தவள் பாட்டை மறந்து வாயைத் திறந்தபடி நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வருவதைத்தான் யோசித்திருந்தோம், திரும்பிப் போவதை யோசிக்கவில்லை. தாலி கட்டி முடிந்து இருவரும் வாசலைப் பார்த்துத் திரும்பியதும் கொடி ஆண்கள் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கம் வெறும் துணி. மாப்பிள்ளையின் அத்தை சத்தமாகவே கேட்டாள்: “வரும்போ இருந்த லேசு எங்கட்டி?”

தங்கம் என்னைப் பார்த்தாள். சர்ச்சுக்குள் மணப்பெண் வாய்விட்டுச் சிரித்ததை ஊர் ரொம்ப நாள் பேசியது.

மற்ற பாதியை அவள் முடிக்கவேயில்லை. பிள்ளைகள், மாடு, தோட்டம். பார்க்கும்போதெல்லாம் “இந்த வருசம் முடிச்சிருவேன்” என்பாள். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மார்த்தாண்டத்துப் பெண்ணின் லேஸில் ஒரு தப்பும் இல்லை. போகும்போதும் இருந்தது, திரும்பி வரும்போதும் இருந்தது. யாரும் கழுத்தை நீட்டவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. “என்ன பாட்டி?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். ஒன்றுமில்லை என்றேன். அந்த வராந்தாவில் இருந்தவர்களில் நான்தான் மிச்சம். இனி நான் ஒரு இலையில் நூலை மாற்றிப் போட்டாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை.