வன்னியம்பட்டிக்குப் போகாத பொங்கல் வாழ்த்து

1. முதல் நாள்

எங்கள் சேனலின் முதல் ஒளிபரப்பு ராஜபாளையத்தில், முதலாளி வீட்டு மொட்டை மாடியில்தான் தொடங்கியது. அதுவரை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு இரண்டு ஊரிலும் கேபிள் லைன் இருந்தது. சென்னைச் சேனல்களை வாங்கி வீடு வீடாகக் கொடுப்பது மட்டும் அவருக்குப் போதவில்லை.

"ஏ காதரு, நம்ம ஊரு மூஞ்சி ஒண்ணாவது டிவியில வருதா? நாம காட்டுவோம்டே" என்று என்னைக் கூட்டி வந்தார்.

காட்டுவதற்கு அன்றைக்கு எங்களிடம் ஒன்றுமே இல்லை. படத்தைக் கேபிளில் ஏற்றி அனுப்பும் மாடுலேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, கேமராவை ஸ்டாண்டில் மாட்டித் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு ஓடிவந்து, உள்ளே டிவியையும் வெளியே தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தெருவே வெளியே வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பியவர்கள் கிளம்பவில்லை. ஒருவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊர் பார்க்க ஒருமுறை தெரிய வேண்டும் என்ற ஆசையை அன்று எனக்கு வேடிக்கையாகத்தான் பார்க்கத் தெரிந்தது.

இப்போது யூடியூப் சேனல் நடத்தும் தம்பிகள் வந்து அந்தக் காலத்துக் கதை சொல்லுங்கள் என்கிறார்கள். ஆண்டாள் கோயில் தேரை எந்த மாடியிலிருந்து எடுத்தீர்கள், பால்கோவா விளம்பரத்துக்கு யார் குரல் கொடுத்தது என்றெல்லாம் கேட்கிறார்கள். அதெல்லாம் நன்றாக நடந்த வேலைகள். அவற்றைச் சொல்வதில் எனக்கு இப்போது ருசி இல்லை. ஒரு பொங்கலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

2. பட்டாளத்து வாழ்த்து

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனவர்கள் அதிகம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாருக்கும் லீவு கிடைக்காது. அதனால் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். லீவில் வந்தவர்கள் திரும்பிப் போகும் முன் ஸ்டுடியோவுக்கு வந்து, வரப்போகும் பண்டிகைக்கு இப்போதே வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம். பண்டிகையன்று நாங்கள் அதைப் போடுவோம். ஆள் எல்லையில் இருப்பான், முகம் வீட்டு டிவியில் இருக்கும். எங்கள் சேனலில் வேறு எந்த நிகழ்ச்சிக்கும் இவ்வளவு கூட்டம் உட்கார்ந்ததில்லை.

எல்லா வாழ்த்தையும் ஒரே டேப்பில் வரிசையாக எடுத்து வைப்போம். பண்டிகை முடிந்ததும் அதே டேப்பில் அடுத்த வேலையைப் பதிவு செய்வோம். சின்னச் சேனல்களில் அதுதான் வழக்கம்.

வன்னியம்பட்டி முருகேசன் ஐப்பசியில் வந்தான். கூட ஊர்க்காரப் பையன்கள் ஒரு கும்பல். கேமராவுக்கு முன்னால் நின்றதும் எல்லாரையும் போல அவனுக்கும் மேடை நாக்கு வந்துவிட்டது. "அப்பா அம்மா அவர்களுக்கும், பெரியப்பா குடும்பத்தார்க்கும், மச்சான்மார்களுக்கும், வன்னியம்பட்டி பொதுமக்கள் அனைவருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றான். பின்னால் கும்பல் சிரித்தது. "ஏலே, சும்மா இருங்கலே" என்று அவர்களை விரட்டிக்கொண்டே இறங்கிப் போனான்.

நான் டேப்பை எடுக்கப் போன நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான். பையன்களை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"அண்ணே, இன்னொரு தடவ எடுக்கலாமா?"

"ஏன்டே, நல்லாத்தான பேசுன?"

"வீட்டுக்காரிய விட்டுட்டேண்ணே."

"பொதுமக்கள்ல அவங்களும் அடக்கம்தானே?" என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இந்த லீவுல அவள தெருவுல வச்சு ஏசிப்புட்டேண்ணே. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாக. பொறவு வீட்டுக்குள்ள வச்சு சமாதானம் சொன்னேன். அது எப்படிண்ணே சரியாவும்? ஏசுனது ஊரு பாக்க. சமாதானமும் ஊரு பாக்கத்தான சொல்லணும்?"

பெண்டாட்டி பேரைப் பொதுவில் சொல்லவே கூச்சப்படுகிற ஊர் இது. அவன் கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "சித்திரைக்கனி, உனக்கு பொங்கல் வாழ்த்து. அன்னைக்குத் தெருவுல வச்சு ஏசுனது என் தப்புதான். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத." சொல்லி முடித்ததும் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவளிடம் இதைச் சொல்லப் போவதில்லை, பொங்கலன்று டிவியைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகப் போகிறேன் என்றான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

3. எடுத்த முடிவு

மார்கழியில் செய்தி வந்தது. வடக்கே மலைப்பாதையில் பட்டாளத்து வண்டி உருண்டு முருகேசன் இறந்துபோனான். பெட்டி ஊருக்கு வந்தபோது நான்தான் கேமராவோடு போனேன். அத்தனை ஜனத்தையும், துப்பாக்கி மரியாதையையும் எடுத்தேன். இரண்டு ஊரும் அதைப் பார்த்தது.

பொங்கல் நெருங்கியது. வாழ்த்து டேப்பை எடிட் செய்ய உட்கார்ந்தபோது அவன் முகம் வந்து நின்றது. நான் டேப்பை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன். இரண்டாவது முறை எடுத்ததையும் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வத்து, வத்து" என்றார். மனசு கலங்கினால் வேண்டாம் என்பதுகூட அவருக்குத் தெலுங்கில்தான் வரும். "பொங்கலும் அதுவுமா, போன புள்ள டிவியில வந்து தப்புன்னு சொன்னா அந்தப் பொண்ணு என்னத்துக்கு ஆவும்? ஏற்கெனவே நொந்து கெடக்கு. எடுத்துரு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இதை நான் பயந்தோ வேண்டா வெறுப்பாகவோ செய்யவில்லை. அந்த வீட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பித்தான் அவனை வெட்டி எடுத்தேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. துக்க வீட்டில் போய் இதையெல்லாம் பேசுவதா என்றுதான் இருந்தது. பொங்கலன்று மற்ற பையன்கள் எல்லாரும் வந்தார்கள். பங்குனியில் அந்த டேப்பில் பூக்குழித் திருவிழாவை எடுத்தோம்.

4. சித்திரைக்கனி

கணவனை இழந்தவள் எங்கள் பக்கம் சட்டென்று வாசல் தாண்டி வர மாட்டாள். வரவும் விட மாட்டார்கள். கோடை பாதி கழிந்த பிறகுதான், தன் அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அண்ணன் கீழேயே நின்றுகொண்டார்.

"வன்னியம்பட்டி முருகேசன் வீடுண்ணே" என்றாள். முதலாளி எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார்.

"பொங்கலன்னைக்கு டிவியப் பாரு, மறந்துராதன்னு சொல்லிட்டுப் போனாக. நானும் போட்டேன். எழவு வீட்டுல டிவியப் போடுதாளேன்னு எங்க அத்தை ஏசுனாக. பக்கத்து வீட்டுலயும் ஏசுனாக. இருக்கட்டும்னு உக்காந்துருந்தேன். எல்லாப் பிள்ளையளும் வந்துச்சு. அவிய வரல."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ தாங்க மாட்டேன்னுதான்மா நாங்க போடல" என்றார் அவர்.

"பெட்டியில வந்தத தாங்குனேன்லண்ணே?" என்றாள். குரல் உயரவில்லை. "என்ன சொன்னாக?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் தனியாகத் திரும்பி வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்பேரச் சொன்னாகளா?"

"சொன்னாரும்மா. கேமராவப் பாத்துச் சொன்னாரு."

அப்போதுதான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"அவிய ஏசுனத நான் அன்னைக்கே மறந்துட்டேண்ணே. தெரு மறக்கல. கடைசியா ஏசிட்டுப் போனான், பொஞ்சாதிகூட மனசு ஒட்டாமத்தான் செத்தான்னு பேசுதாக. என் காதுபடவே பேசுதாக. அந்த டேப்பக் குடுத்தியன்னா ஒரு தடவ எல்லாருக்கும் போட்டுக் காட்டிருவேன்."

டேப் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். என் தொழிலில் நான் சொன்ன மிகக் கேவலமான வார்த்தை அது.

முதலாளி பதறிப்போய், "நம்ம நியூஸ்ல சொல்லிருவோம்மா. இப்படி இப்படிச் சொன்னாருன்னு காதரே கேமரா முன்னால உக்காந்து சொல்லட்டும்" என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்ணே. நீங்க சொன்னா நீங்க சொன்னதாத்தான இருக்கும். நான் வந்து அழுது சொல்ல வச்சேம்பாக. அவிய வாயால சொன்னாத்தான் அது" என்றாள். இறங்கிப் போகும்போது என்னிடம், "தெரிஞ்சவரைக்கும் சந்தோசம்ணே" என்றாள்.

5. பிறகு

செட் டாப் பாக்ஸ் வந்ததும் பெரிய கம்பெனிகள் லைனை எடுத்துக்கொண்டன. எங்கள் சேனலுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. மாடுலேட்டரைப் பழைய இரும்புக் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போனார். முதலாளியும் இப்போது இல்லை. அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் காலம் போனால் எல்லாக் கடையும் ஒருநாள் சாத்தத்தான் வேண்டும். சித்திரைக்கனி விஷயத்தை அப்படிச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை. யார் தாங்குவார், யார் தாங்க மாட்டார் என்று அடுத்தவருக்காக நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். அதற்கு இரக்கம் என்று பேரும் வைத்துக்கொண்டோம்.

அவள் வந்து போன பிறகு, வாழ்த்து டேப்பின் மேல் மட்டும் வேறு எதையும் பதிவு செய்யக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்னொன்றும் செய்தோம். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனவருக்குப் பண்டிகைக்குள் ஏதாவது ஆகிவிட்டால், நானே அந்த வீட்டுக்குப் போய், இப்படி ஒன்று எங்களிடம் இருக்கிறது, போடலாமா வேண்டாமா என்று கேட்பேன். பட்டாளத்துப் பையன்கள் மட்டுமல்ல, கோயில் பேட்டியில் பேசிய பெரியவர்கள், கபடி ஆடிய பிள்ளைகள் என்று சேனல் மூடும்வரை பல வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

ஒரு வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.