வெள்ளைக் கம்பளத்தில் பூய்தாஷ் கான்

கோதண்டராமன் யாருக்குத் தேநீர் ஊற்றினாலும் அரைக் கோப்பைதான் ஊற்றுவார். கோப்பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பாதி வந்ததும் கெண்டியைச் சட்டென்று நிமிர்த்திவிடுவார். குடித்து முடிப்பதற்குள் மறுபடி ஓர் அரைக் கோப்பை. கசாக்ஸ்தானில் விளிம்புவரை ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தமாம். அங்கே கரகண்டாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவர். அந்தப் படிப்பு இங்கே இங்கிலாந்தில் செல்லுபடியாகவில்லை. எப்சமில் ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் வேலை. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அவருக்கு ‘அரை டீ’ என்று பெயர். கஞ்சனாம். காரணம் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

இந்த வருட விழாவுக்கு அவர் பூய்தாஷ் கானைப் பற்றி நாடகம் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டுக் கசாக் அரசன். அவனுக்கு முன்பு ஆண்ட காசிம் கான் செத்த பிறகு அந்த வம்சத்தில் ஆளாளுக்கு ‘நான்தான் கான்’ என்று கிளம்பிய காலம். பூய்தாஷ் ஆண்டபோதே வேறு பக்கம் வேறு கான்கள் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் கோதண்டராமன் சங்கத்திடம் தனக்கென்று கேட்டது இந்த இருபது நிமிட மேடை ஒன்றைத்தான்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. த்ரீ கிங்ஸ் மண்டபத்தில் ஒத்திகை. பஸ் ஓட்டும் விக்னேஷ்தான் கான். அவனை வெள்ளைக் கம்பளிப் போர்வையில் உட்காரவைத்து நாங்கள் நான்கு பேர் மூலைக்கொருவராகத் தூக்கினோம். சங்கத் தலைவர் குலசிங்கம் உள்ளே வந்தார்.

“நிப்பாட்டுங்கோ! இதென்ன செத்தவீடே? வெள்ளைத் துணியிலை ஆளைத் தூக்குறியள்!”

“அண்ணே, இது பட்டாபிஷேகம்ண்ணே. அவங்க ஊர்ல கானை அப்படித்தான் தூக்குவாங்க” என்றார் கோதண்டராமன்.

“அவங்கட ஊரிலை குதிரை இறைச்சியும் தின்னுறாங்கள். அதையும் மேடையிலை வைப்பமே?”

எல்லோரும் சிரித்தார்கள். போர்வைக்குள் இருந்த விக்னேஷ்கூட.

“நாலு மாசமா ஒத்திகை பாக்குறோம்ண்ணே.”

“ஓம், ஆர் இல்லையெண்டது? பேரை ராஜராஜ சோழன் எண்டு மாத்தும். மகளின்ரை கலியாணக் கதிரை எங்கட கராஜிலை கிடக்கு. சிம்மாசனத்துக்குக் கொண்டுவாறன்.”

“முடியாதுண்ணே.”

“அப்ப நாடகம் வேண்டாம். அந்த நேரத்துக்குப் பிள்ளையளின்ரை டான்ஸைப் போடுவம்.”

விக்னேஷைக் கீழே இறக்கினோம். கம்பளியின் ஒரு மூலை என் கையில் இருந்தது. நான் அதை ஒழுங்காக மடித்துவைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா அன்று இரண்டு நடனங்களுக்கு நடுவே கோதண்டராமன் அந்தக் கம்பளியோடு மேடையேறினார். யாரும் கூப்பிடவில்லை.

“நாடகம் கிடையாது. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். கானைத் தூக்கி இறக்கினதும் ஜனங்க அந்தக் கம்பளத்தக் கிழிச்சு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்குவாங்க. அவரோட ஆடு மாட்டையும் ஓட்டிட்டுப் போயிடுவாங்க. கான்கிட்ட எதுவும் மிஞ்சாது. நம்ம குலசிங்கம் அண்ணன் பதினொரு வருஷமா கான். நீங்க யாராச்சும் ஒரு நூலாவது எடுத்தீங்களா?”

ஒலிவாங்கியை அணைத்தார்கள். அவர் கம்பளியைக் கிழிக்கப் பார்த்தார். அது லேசில் கிழியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

“வாங்கய்யா! வந்து எடுத்துட்டுப் போங்க!”

முந்நூறு பேர் இருந்தோம். ஒருவர்கூட எழவில்லை. முன்வரிசையில் யாரோ, “அரை டீக்கு முழுசா ஏறிட்டுது” என்றார். அதற்கும் சிரிப்பு. கிழிந்த துண்டை மேடையிலேயே போட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

மறுவாரம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மன்னிப்புக் கடிதம் தந்தால் யோசிக்கலாம் என்று மூன்று வரி மின்னஞ்சல். அவர் பதில் எழுதவில்லை.

போன மாதம் சங்க இணையதளத்துக்காகப் பழைய கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பொதுக்கூட்டம். தலைவர் யாழ்ப்பாணத்தவரா, தமிழ்நாட்டவரா என்று இரண்டு மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து குலசிங்கத்தின் பெயரை முன்மொழிந்து சண்டையை முடித்துவைத்திருக்கிறார். அவர் கோதண்டராமன்.