தங்கத்தாய் ஜெர்மனிக்குக் கொடுத்த நாய்

சிப்பிப்பாறை நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் சீவலப்பேரிச் சாலையில் இருக்கும் தங்கத்தாயின் வீட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். வேறு இடத்தில் கிடைக்காது என்பதற்காக அல்ல. குட்டியிடம் குறை இருந்தால் அவளே முதலில் சொல்லிவிடுவாள். "இது ஆட்டக் கண்டா விடாது. நீங்க ஆடு வச்சிருக்கீக, வாங்காதீக" என்று ஒருவரை அவள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் கால்நடை மருத்துவமனை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். தடுப்பூசிக்கு அவள் நாய்களைக் கூட்டி வந்த நாளிலிருந்து பழக்கம். ஆட்டோக்காரர் நாய்க்குத் தனியாகக் காசு கேட்டால், "என் மடியிலதான இருக்கா, மடிக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?" என்று வாசலிலேயே வாதாடுவாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீரோடு ஒரு பெட்டை நாயையும் கொண்டு வந்தவள். இன்று அவள் வீட்டில் இருப்பவை எல்லாம் அந்தப் பெட்டையின் வழி. லாரி ஓட்டிய கணவர் இறந்த பிறகு அந்த வழிதான் அவளைக் காப்பாற்றியது.

2023 மாசியில் அவள் வீட்டில் ஒரு பெட்டை ஆறு குட்டி போட்டது. ஒன்று தங்கவில்லை. மிச்சம் ஐந்தும் ஒரே சந்தன நிறம். விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் குட்டிகளை வீடியோ எடுத்து, வேட்டை நாய்ப் பிரியர்களின் முகநூல் பக்கம் ஒன்றில் விற்பனைக்கு என்று போட்டுவிட்டுப் புனேக்குத் திரும்பிப் போனார். சில வாரத்தில் ஜெர்மனியிலிருந்து மார்த்தா என்ற பள்ளி ஆசிரியை ஆங்கிலத்தில் எழுதினார். தங்கத்தாய் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இவுக நல்லவுகளா கெட்டவுகளான்னு படிச்சுச் சொல்லுங்க."

"எழுத்துல அது எப்படித் தெரியும்?"

"பெறகு எதுக்கு இவ்வளவு படிச்சீக?"

மார்த்தா வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்து, ஒரு குட்டியைச் சுற்றி வட்டம் போட்டு, 'இதுதான் வேண்டும்' என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் தங்கத்தாயின் முகம் சுருங்கியது.

"ஏன், வேற ஆளுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. கேட்டுட்டாக. சரின்னு எழுதுங்க."

அந்தக் குட்டியின் பெயர் சிட்டு.

மார்த்தா முன்பு ஒருமுறை வேறொரு நாட்டிலிருந்து நாய் வாங்கி ஏமாந்தவர். படத்தில் பார்த்தது ஒன்று, பெட்டியில் வந்து இறங்கியது வேறொன்று. அதனால் ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டார். எனக்கே அலுத்துப்போனது. தங்கத்தாய்க்கு அலுக்கவில்லை. "சூடு கண்டவுக. கேக்கத்தான் செய்வாக" என்பாள். தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, ரத்தப் பரிசோதனை முடித்து, அதற்குப் பிறகும் அந்த நாட்டு விதிப்படி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வாரம் ஒரு படம் அனுப்பினோம். நாயைப் பக்கவாட்டில் நிறுத்தி உயரமும் காலும் தெரியும்படி எடுப்பதுதான் இங்கே வழக்கம். ஆடியில்தான் மார்த்தா முகத்தை நேராகக் காட்டச் சொன்னார். எடுத்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: 'நெற்றியில் இருந்த கறுப்பு அடையாளம் எங்கே?'

"கறுப்பா? அஞ்சு குட்டியில ஒண்ணுக்கும் நெத்தியில கறுப்பு கிடையாதே. பொறக்கும்போதே நாந்தான பாத்தேன்" என்றாள் தங்கத்தாய்.

அப்படியே எழுதினேன். அது காரியத்தைக் கெடுத்துவிட்டது. 'நீங்களும் நாயை மாற்றிவிட்டீர்கள். எனக்கு வேண்டாம். மற்றவர்களை எச்சரித்து அந்தப் பக்கத்தில் எழுதப்போகிறேன்' என்று மார்த்தா பதில் போட்டார்.

தங்கத்தாய் அன்று நாய்களுக்குக் கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றினாளாம், தான் சாப்பிடவில்லையாம். மறுநாள் காலையில் சிட்டுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"நாய மாத்துனவன்னு பேரெடுத்துட்டு இந்த ஊர்ல எப்படி அண்ணாச்சி நாய் வளக்க?"

மருமகன் போட்ட வீடியோவைக் கணினியில் பெரிதாக்கி ஓடவிட்டேன். மார்த்தா வட்டம் போட்ட குட்டியின் நெற்றியில், சொன்னபடியே, வட்டமாக ஒரு கறுப்பு இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். திரும்பி, காலடியில் கிடந்த சிட்டுவையும் பார்த்தேன்.

"என்ன, நீங்களும் அப்படிப் பாக்கீக?" என்றவள், திரைக்குக் கிட்டே குனிந்தாள். சட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது மையில்லா! நாந்தான வச்சு விட்டேன்! ஊரு உலகமெல்லாம் பாக்கப் போகுதே, கண்ணு பட்டுருமேன்னு!"

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கும் எவரிடமும் போய், 'உங்கள் பிள்ளைக்குக் கன்னத்தில் கறுப்பு உண்டா' என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் அல்ல.

"சிரிக்காதீக. மைன்னு சொன்னா நம்புவாகளா? அங்கனல்லாம் கண்ணு படாதா?"

"படும். பொட்டுதான் வைக்க மாட்டாக."

வீடியோவைக் கடைசிவரை ஓட்டச் சொன்னாள். முடிவதற்குச் சற்று முன்னால், குந்தியிருந்த அவள் மடியில் குட்டி தலையை வைத்துத் தேய்க்கிறது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினாள். மஞ்சள் சேலையில் கறுப்பாக ஒரு தீற்றல். குட்டியின் நெற்றியில் இருந்த வட்டம் காதுவரை இழுபட்டிருந்தது. இரண்டு படத்தையும் பிரித்தெடுத்து, எங்கள் ஊர் வழக்கத்தையும் விளக்கி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மார்த்தா மன்னிப்புக் கேட்டிருந்தார். எச்சரிக்கை எதுவும் இன்னும் எழுதவில்லை, இனி எழுதப்போவதும் இல்லை என்றார். கூடவே ஒரு கேள்வி: 'ஐந்து குட்டியில் அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் பொட்டு வைத்தீர்கள்?'

தங்கத்தாய் சிட்டுவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுக்குப் பதில் எழுதியே ஆகணுமா?"

"கேட்டிருக்காகளே."

"இருக்கதுலயே இவதான் நல்லவ. நெஞ்சப் பாருங்க, காலப் பாருங்க. இவள விக்கதா இல்ல. எனக்குன்னுதான் வச்சிருந்தேன்."

"பெறகு ஏன் சரின்னு எழுதச் சொன்ன?"

"அஞ்சையும் விக்கன்னுதான மருமவன் போட்டாரு. கேட்ட பெறகு இது மட்டும் கிடையாதுன்னா, அது ஏமாத்துல்லா?"

ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன். அன்று சாயங்காலமே மார்த்தா எழுதினார்: 'சிட்டு உங்களிடமே இருக்கட்டும். அவள் தங்கை ஒருத்தியை எனக்கு அனுப்புங்கள். எனக்கு முழுச் சம்மதம்.'

படித்துச் சொன்னேன். தங்கத்தாய் நாயைக் கட்டிக்கொண்டாள். பிடியை விடாமலே, "வேண்டாம்னு எழுதுங்க" என்றாள்.

"ஏம்மா? அவுகளே மனசாரத்தான சொல்லுதாக?"

"இன்னைக்கு மனசாரத்தான் சொல்லுதாக. பத்து நா கழிச்சு ஒரு நெனப்பு வரும். நல்ல நாய வச்சுக்கிடதுக்கு மைப் பொட்டுக் கதை கட்டிட்டாளோன்னு. கண்டிப்பா வரும் அண்ணாச்சி. எனக்குன்னா வரும்."

வேண்டாம் என்றே எழுதினேன்.

ஐப்பசியில் சிட்டு போனாள். சென்னை விமான நிலையம்வரை தங்கத்தாயும் கூடவே போய், பெட்டியின் காற்றுத் துளைகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்த்து, அங்கிருந்த ஆளை ஒரு பாடு படுத்திவிட்டுத்தான் திரும்பினாள். நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று மார்த்தா வீடியோ அனுப்பினார். பச்சைப் புல்லில் மற்ற இரண்டு நாய்களையும் பின்னால் விட்டு சிட்டு ஓடுகிறாள்.

"ஓட்டத்துல குறை இல்ல. கன்னம் ஒட்டுனாப்புல இருக்கு. என்ன போடுதாகன்னு கேளுங்க."

கேட்டேன். உணவுக் கிண்ணத்தின் படம் வந்தது.

"இவ்வளவுதானா? இவ தின்னாளா, மத்த ரெண்டும் புடுங்கித் தின்னுட்டானுவளா?"

"தங்கத்தாய், இப்ப நீ சந்தேகப்படுத."

"சந்தேகம்லாம் இல்ல. கேக்கேன். கேட்டா அவுக கோவிக்க மாட்டாக, எழுதுங்க."

எழுதினேன். மார்த்தா மற்ற இரண்டு நாய்களையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சிட்டு சாப்பிட்டு முடிக்கும்வரை கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிட்டு கிண்ணத்தை நக்கி முடிக்கிறவரை தங்கத்தாயும் இங்கே கண் எடுக்கவில்லை.