பூட்டு சந்தித்த இருபத்தெட்டுப் பந்துகள்

வட்டார கிரிக்கெட் அணியில் அவரைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது குடிநீர் வாரிய அலுவலகத்தில், புதிய இணைப்புக்கு மனு வாங்கும் மூன்றாம் எண் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகையில் எழுதித் தொங்கியது. விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. ஜன்னலில் அவர் மின்னல். மனுவைக் கொடுத்தவர் கையை இழுத்துக்கொள்வதற்குள் முத்திரை விழுந்திருக்கும். சாப்பாடு நான்கு நிமிடம். பேருந்து நிற்பதற்குள் இறங்கி, அதனால் இரண்டு முறை விழுந்து எழுந்தவர்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் மட்டையைக் கொடுத்தால் மட்டும் கடிகாரம் நின்றுவிடும்.

முப்பத்தாறு வயதுக்குள் அவர் ஆடியதெல்லாம் பெரும்பாலும் நான்கு நாள் ஆட்டங்கள். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் இரண்டு முறை ஆடவைத்தார்கள். மூன்றாம் முறை அந்த விபரீதத்துக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் நான்கு நாள் ஆட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் யாரும் ஜெயிக்காமலே ஆட்டம் முடியலாம். கடைசி நாள் மாலைவரை ஒரு விக்கெட்டாவது மிஞ்சியிருந்தால் டிரா. தோற்க வேண்டியவன் தோற்காமல் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கடைசி மணி நேரத்தில் எதிரணியினர், கண்ணை மூடப்போகிறவரைச் சுற்றி உறவினர் நிற்பதுபோல, மட்டைக்கு ஒரு முழம் தள்ளி எட்டுப் பேர் குனிந்து நிற்பார்கள். அந்த நேரத்தில்தான் பூட்டு முழு மனிதராக ஆவார். ஒவ்வொரு பந்தையும் தன் காலடியிலேயே செத்து விழவைப்பார். அப்படிப் பதினொரு டிராக்களைக் காப்பாற்றியிருக்கிறார். ஒருமுறை இருநூற்றுப் பதினொரு பந்தில் முப்பத்துநான்கு ரன். அன்றைக்கு நடுவர் பக்கத்தில் வந்து, "தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு அணியை நடத்தும் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, சுற்றறிக்கை விட்டார். அடுத்த பருவத்தில் அணியில் இருக்க விரும்பும் எந்த மட்டையாளரும், நான்கு நாள் ஆட்டத்துக்கு மட்டுமே ஆனாலும் சரி, இருபது ஓவர் ஆட்டம் ஒன்றில் குறைந்தது இருபது பந்தாவது சந்தித்து, பந்துக்கு ஒரு ரன்னுக்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும்.

பூட்டு அதைத் தன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று முறை படித்தார். இருபது ஓவர் ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடியதில்லை. வாழ்நாள் கணக்கைப் பார்த்தால் நூறு பந்துக்கு முப்பத்தொரு ரன்.

"தபால்காரர் வேலைக்கு நீச்சல் தெரியணும்ங்கிற மாதிரி இருக்கு" என்றார் வீட்டில்.

"தெரிஞ்சுக்கிட்டா என்ன கெட்டுப்போச்சு? மழைக்காலத்துல உதவும்" என்றார் மனைவி.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, கைக்குள் அடங்கும் ஒரு எண்ணும் கருவியை டிக் டிக்கென்று அழுத்தி அணுக்களை எண்ணுவது அவர் தொழில். திருமணமான புதிதில் ஒரே ஒருமுறை கணவர் ஆடுவதைப் பார்க்கப் போனார். போன இடத்தில் தூங்கிவிட்டார். விழித்தபோது கணவர் போட்டுவைத்த ரன் நான்கு. தூங்கும்போதும் அது நான்குதான். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் சமாதானத்துக்கு வழியில்லாத ஒரே சண்டை அது.

கோச் இரக்கப்பட்டுப் பூட்டை இருபது ஓவர் போட்டிக்கான பதினைந்து பேரில் சேர்த்தார். சேர்த்தாரே தவிர ஆடவிடவில்லை. முதல் நான்கு ஆட்டங்களிலும் பூட்டு தண்ணீர் தூக்கினார், துண்டு தூக்கினார், ஐஸ் பெட்டி தூக்கினார். சுற்றின் கடைசி ஆட்டம் வந்தது. அதில் தோற்று வெளியேறினால் பருவமே முடிந்தது. மூன்றாம் எண் ஜன்னல்தான் நிரந்தரம்.

அன்று காலை அவர் ஐஸ் பெட்டியை உடைமாற்றும் அறை வாசலில் வைத்துவிட்டு, வழக்கமான அவசரத்தில் கையுறை எடுக்க ஓடினார். அணியின் பெரிய அதிரடி வீரர் குளித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, பெட்டியில் இடறிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அதே ஐஸை எடுத்து அதே காலுக்கு வைத்தார்கள்.

கோச் பெட்டியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்.

"வேணும்னே வச்சியா?"

"சத்தியமா இல்ல கோச்."

"தெரியும். உனக்கு அவ்வளவு யோசனை வராது. எட்டாவதா இறங்கு. உன் முறை வராம இருக்க எல்லாரும் வேண்டிக்குங்கப்பா."

பூட்டு அலுவலகத்துக்கல்ல, பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போன் செய்தார். மனைவி அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து, மேலங்கிப் பையில் இரண்டு எண்ணும் கருவிகளோடு சிமென்ட் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். வலது கை ரன்னுக்கு, இடது கை பந்துக்கு. பக்கத்தில் இருந்த பெரியவர், "ஆஸ்பத்திரியில இருந்தா வர்றீங்க? யாருக்காவது அடிபட்டுருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. என் வீட்டுக்காரர் இன்னும் இறங்கல" என்றார் அவர்.

எதிரணி நூற்று நாற்பத்தைந்து எடுத்தது. நம்மவர்கள் வேண்டியது பலிக்கவில்லை. பன்னிரண்டு ஓவர் முடிவில் எண்பத்துநான்குக்கு ஆறு விக்கெட் போய்விட்டது, ஜெயிப்பது கனவு. கோச் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். மற்ற அணிகளின் நிலவரப்படி, நூற்று நாற்பதை எட்டிவிட்டால், தோற்றாலும் சராசரிக் கணக்கில் அரையிறுதிக்குப் போய்விடலாம்.

"எல்லாரும் கேளுங்க. தோக்கப்போறோம். ஆனா நல்லா தோக்கணும். நூத்தி நாப்பது. புரியுதா? பூட்டு, போய் அடி."

"எதை?"

"பந்தைத்தான்யா!"

பூட்டு போனார். முதல் பந்து வந்தது. அடிக்கத்தான் நினைத்தார், கை கேட்கவில்லை. முன்காலை நீட்டி, தலையைக் குனிந்து, பந்தை வழக்கம்போல் காலடியில் விழவைத்தார். படிக்கட்டில் யாரோ கொட்டாவி விட்டது ஆடுகளம்வரை கேட்டது.

பிறகு தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை! இருபது ஓவர் ஆட்டத்தில் எல்லோரும் சிக்ஸரை எதிர்பார்த்து எல்லைக் கோட்டருகே போய் நிற்பார்கள். இருக்கிற சிலரும் நாற்பதடி தள்ளி. பன்னிரண்டு வருடமாக மூக்கடியில் எதிரிகளை வைத்துக்கொண்டு ஆடியவருக்கு, இது கல்யாண வீட்டுக் கூட்டம் கலைந்த மண்டபம் மாதிரி இருந்தது. அடுத்த பந்தையும் மறித்தார். மறித்துவிட்டு ஓடினார். பந்து ஆளில்லாத இடத்தில் அநாதையாகக் கிடக்க, ஒரு ரன் முடிந்தது.

ஓடுவதில்தான் அவர் பேருந்திலிருந்து குதிக்கிற ஆளாயிற்றே. மறிப்பார், ஓடுவார். மறிப்பார், ஓடுவார். எதிர்முனைக்கு வந்தவர்கள் வாளைச் சுழற்றுவதுபோல் சுழற்றி, கொஞ்சம் அடித்து, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பூட்டு மட்டும் அசையவில்லை. பதினெட்டு ஒற்றை ரன்கள், மூன்று இரட்டை, மட்டை விளிம்பில் பட்டு அவருக்கே தெரியாமல் பின்னால் ஓடிய ஒரு நான்கு. படிக்கட்டில் வலது கை டிக், இடது கை டிக். வலது கை கொஞ்சம் முந்திக்கொண்டே இருந்தது.

கடைசி ஓவரின் இரண்டாம் பந்தில் அவர் எடுத்த இரட்டை ரன்னோடு அணி நூற்று நாற்பதைத் தொட்டது. கோச் பக்கத்தில் இருந்தவரைத் தூக்கிக்கொண்டு குதித்தார்; பக்கத்தில் இருந்தவர் சுளுக்குக் கால்காரர். ஒன்பது விக்கெட் போயிருந்தது. நான்கு பந்து பாக்கி. பூட்டு எடுத்தது இருபத்துநான்கு பந்தில் இருபத்தெட்டு.

இந்த இடத்தில் எதிர்முனையில் மட்டையோடு நின்ற நம் வேகப்பந்து வீச்சாளன், இடி என்று பெயர், நடுவில் வந்து உலுக்கினான்.

"அண்ணே, இன்னும் ஆறு ரன்தான். ஜெயிச்சே போயிரலாம்ணே! இனிமே அவுட்டானாலும் நமக்கு நஷ்டமில்ல. கண்ணை மூடிட்டு ஒரு சுத்து சுத்துங்க."

"சரி" என்றார் பூட்டு. உண்மையாகவே சரி என்றுதான் நினைத்தார்.

எதிரணித் தலைவர் சுருட்டைமுடிக்காரர். சிறுவயது அணியிலிருந்து பூட்டைத் தெரிந்தவர். அந்தப் பதினொரு டிராக்களில் மூன்று இவர் வாயில் விழுந்த மண். அவர் கொஞ்சநேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு கையைத் தட்டி, எல்லைக் கோட்டில் நின்ற அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டு, பூட்டைச் சுற்றி நிறுத்தினார். இரண்டு பேர் பின்னால், இரண்டு பேர் முட்டிக்கு முன்னால், மற்றவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். எட்டுப் பேர் குனிந்தார்கள். மைதானத்தின் மற்ற பகுதியில் காக்கை மட்டும்தான் இருந்தது. எந்தப் பக்கம் தலைக்கு மேல் தூக்கிவிட்டாலும் நான்கு.

"என்ன இது, கூறுகெட்டவன்!" என்றார் படிக்கட்டுப் பெரியவர்.

கூறுகெட்டவர் அல்ல. கடைசி ஓவர், கடைசி விக்கெட், மாலை வெயில், மட்டையைச் சுற்றி எட்டு முகங்கள், எட்டு மூச்சு. பூட்டின் காதுக்குள் ஏதோ அடைத்தது. ஆறு ரன் மறந்தது, அரையிறுதி மறந்தது, சுற்றறிக்கை மறந்தது, எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்த இடியும் மறந்தான். உலகத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே காரியம் மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் பந்து. முன்கால், குனிந்த தலை, டொக். காலடியில் செத்து விழுந்தது. ஓட வழியில்லை, சுற்றிலும் ஆள்.

"அண்ணே!" என்றான் இடி.

நான்காம் பந்து. டொக்.

படிக்கட்டில் மனைவி எழுந்துவிட்டார். வலது கை ஊமையாகிவிட்டது. இடது கை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இருபத்தாறு. "அடிங்க! ஐயோ, அடிங்களேன்!" பூட்டுக்கு அந்தக் குரல் கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தூங்காமல் பார்க்கிறாள் என்று நெஞ்சு நிறைந்தது. இன்னும் கவனமாக மறித்தார். இருபத்தேழு.

கடைசிப் பந்து நல்ல பந்து. விழுந்து உள்ளே திரும்பியது. பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள், அதைவிட அழகாக ஒரு பந்தை யாரும் மறித்து அவர்கள் பார்த்ததில்லை என்று. அது வெறும் பேச்சல்ல. அந்தப் பந்தை வீசியவனே ஒரு கணம் கைதட்டினான்.

பூட்டு கையுறையைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். காப்பாற்றிவிட்ட களைப்போடும் நிம்மதியோடும் சுருட்டைமுடிக்காரரிடம் கையை நீட்டினார்.

"நல்ல டிராண்ணே" என்றார் அவர், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல்.

"ஆமாப்பா" என்றார் பூட்டு. நான்கடி நடந்தபிறகுதான் நின்றார். ரன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து ரன்னில் தோல்வி.

கோச்சுக்கு அவரைக் கட்டிக்கொள்வதா, கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கையைத் தூக்க வேண்டும் என்பதால், தூக்கிய கையோடு கொஞ்சநேரம் நின்றார். அரையிறுதிக்கு வந்தாயிற்று, அதே சமயம் ஜெயித்த ஆட்டத்தை ஒருவர் நின்று நிதானமாகத் தோற்றுக் கொடுத்திருக்கிறார். கடைசியில், "போய்க் குளி" என்று மட்டும் சொன்னார்.

இடி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அரையிறுதிக்குள் கணுக்கால் சரியாகிவிட்டதால் பூட்டு மறுபடி ஐஸ் பெட்டிக்கே போனார். அந்த ஆட்டத்தில் அணி, எந்தக் கணக்குக்கும் இடமில்லாமல், முறைப்படி தோற்றது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மாலை அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்தபோது, மனைவி இன்னும் அதே படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதுதான் பூட்டுக்குச் சுற்றறிக்கை ஞாபகம் வந்தது.

"கடைசி நாலு பந்து..." என்று ஆரம்பித்தார்.

"பார்த்தேன்."

"போச்சா?"

மனைவி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வலது கைக் கருவியில் இருபத்தெட்டு. இடது கைக் கருவியிலும் இருபத்தெட்டு.

பூட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மனுவில் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பந்துக்கு ஒரு ரன்னுக்குக் குறையாமன்னுதானே போட்டிருக்கான்?"

"குறையல. கூடவும் இல்ல. அடுத்த வருஷமும் நின்னுக்கிட்டே இருக்கலாம்."

பூட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டின் ஓரத்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் எழுந்து போகிறபோது, "உங்க வீட்டுக்காரருக்கு அடிபடலையே, சந்தோஷம்" என்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உண்மையச் சொல்லணும்" என்றார் மனைவி.

"கேளு."

"இன்னும் ஒரு பந்து இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பூட்டு யோசித்தார். ஜன்னலில் இல்லாத, பேருந்தில் இல்லாத, சாப்பாட்டில் இல்லாத அந்த நிதானத்தோடு யோசித்தார்.

"மறிச்சிருப்பேன்" என்றார்.

மனைவி இடது கைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். இருபத்தொன்பது. அதை அவர் முகத்துக்கு நேராகக் கொஞ்சநேரம் பிடித்துக் காட்டிவிட்டு, இரண்டு கருவிகளையும் சுழியத்துக்குத் திருப்பிப் பையில் போட்டுக்கொண்டு, "எழுந்திருங்க, பஸ் வந்துரும்" என்றார். "நின்னதுக்கப்புறம் ஏறலாம்."